கண்ணியும் எழுத்தும்: பாப்பி மலர் மரபும் திருப்பத்தூர் வட்டார நடுகற்களும்

ஆய்வுச் சுருக்கம்

முதல் உலகப் போருக்குப் பின்னர் மேலைநாடுகளில் போரில் இறந்தோரை நினைவுகூரும் அடையாளமாகப் பாப்பி மலர் நிலைபெற்றது. போரில் பட்ட வீரனுக்குக் கல் நட்டு, பெயர் பொறித்து, பூச்சூட்டும் வழக்கம் தமிழ்நாட்டில் சங்க காலம் தொட்டே உண்டு. இவ்விரு மரபுகளையும் ஒப்பிட்டு, போர்நினைவில் பூ ஆற்றும் பணியையும் எழுத்து ஆற்றும் பணியையும் பிரித்தறிவது இக்கட்டுரையின் நோக்கமாகும். தொல்காப்பியப் புறத்திணையியல், புறநானூறு, அகநானூறு ஆகியவற்றின் சான்றுகளும், ஆம்பூர், செங்கம் ஆகிய பகுதிகளின் நடுகற்களும், வேடியப்பன் வழிபாடும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச் சொற்கள்: நடுகல், கரந்தை, கண்ணி, பாப்பி, வேடியப்பன், ஆம்பூர், போர்நினைவு.

முன்னுரை

2019 நவம்பர் 28 அன்று வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான திருப்பத்தூர் மாவட்டம், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய நகரங்களின் தோல் தொழிலால் இன்று அறியப்படுகிறது. தொல்லியல் நோக்கில் இவ்வட்டாரத்திற்கு மற்றொரு சிறப்பும் உண்டு. ஏலகிரி, சவ்வாது மலைகளின் அடிவாரங்களிலும், அங்கிருந்து செங்கம், தருமபுரி நோக்கிச் செல்லும் வழிகளிலும் நடுகற்கள் மிகுதியாகக் கிடைக்கின்றன. திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரித் தமிழ்த்துறையினர் அண்மைக் காலத்தில் இங்குப் பல நடுகற்களைக் கண்டறிந்து வெளிப்படுத்தியுள்ளனர். இக்கற்களில் கணிசமானவை ஆநிரையைக் காக்கவோ மீட்கவோ போரிட்டு மாண்டவர்களுக்கு எடுக்கப்பட்டவை.

நடுகல் ஆய்வுகள் பெரும்பாலும் கல்லின் எழுத்தையும் சிற்ப அமைதியையும் மையமாகக் கொண்டு நிகழ்ந்துள்ளன. கல்லுக்குச் சூட்டப்பட்ட பூ வாடி உதிர்வது. தொல்லியற் சான்றாக எஞ்சாதது. அதனால் அது வருணனைக் கூறாகவே கருதப்பட்டு வந்துள்ளது. ஆயினும் பாடல்கள் பூவைக் கல்லுக்கும் பெயருக்கும் நிகராக வைத்தே பேசுகின்றன. இப்பூவின் பணி யாது என்னும் வினாவுக்கு விடை காண, பூவையே போர்நினைவின் முதன்மை அடையாளமாகக் கொண்ட மேலை மரபொன்றை அருகில் வைத்து நோக்குவது பயன் தரும்.

பாப்பி: வயற்களை நினைவுப் பூவான வரலாறு

பாப்பி இனத்தைச் சேர்ந்த செடிகளுள் தமிழர் நன்கறிந்தது கசகசாச் செடியாகும். அதன் விதை குருமாவுக்கு அரைக்கப்படும் கசகசா. அதன் காயிலிருந்து வடியும் பால் அபின். பப்பாவர் சோம்னிபெரம் எனத் தாவரவியலார் வழங்கும் இச்செடியை இந்தியாவில் அரசு உரிமம் பெற்றே பயிரிட இயலும். மத்தியப் பிரதேசம், இராசத்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் குறிப்பிட்ட பகுதிகளுக்கே அவ்வுரிமம் வழங்கப்படுகிறது. ஆகவே விதை தமிழர் அடுக்களையில் இருந்தும், பூ தமிழர் கண்ணுக்கு அயலாகவே உள்ளது.

போர்நினைவுப் பூவாகக் கொள்ளப்படுவது இதன் உறவினமான வயற்பாப்பி (பப்பாவர் ரோயாஸ்). ஐரோப்பியக் கோதுமை வயல்களில் தானே முளைக்கும் இச்செந்நிறக் களையின் விதைகள் மண்ணுக்குள் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்க வல்லவை. மண் கிளறப்பட்டு ஒளி படும்போது அவை முளைக்கின்றன. 1914 முதல் பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் பதுங்குகுழிகளும் குண்டுகளும் புதைகுழிகளும் மண்ணைப் புரட்டிப் போட்டன. அம்மண்ணில் பாப்பிகள் பெருகிப் பூத்தன. 1915 மே மாதத்தில் ஈப்பர் போர்முனையில் பணியாற்றிய கனடியப் படை மருத்துவர் ஜான் மெக்ரே, கல்லறைகளிடையே பூத்த இப்பூவைப் பொருளாக வைத்து ஒரு கவிதை இயற்றினார். அது அவ்வாண்டு டிசம்பர் 8 அன்று இலண்டன் 'பஞ்ச்' இதழில் வெளிவந்தது. அதனால் தூண்டப்பெற்ற அமெரிக்க ஆசிரியை மொய்னா மைக்கேல் 1918இல் பாப்பியை நினைவு அடையாளமாக அணியத் தொடங்கினார். பிரான்சைச் சேர்ந்த அன்னா குவேரின் துணியாலான பாப்பிகளை விற்றுப் போரால் நலிந்தோர்க்கு உதவும் திட்டத்தைப் பல நாடுகளுக்கும் கொண்டு சென்றார். 1921இல் பிரித்தானியப் படைவீரர் சங்கம் இதனை ஏற்றது. போர் ஓய்ந்த நவம்பர் 11ஆம் நாளையொட்டிச் செயற்கைப் பாப்பியைச் சட்டையில் அணிவது வழக்கமாயிற்று.

இப்பூ அழகுத் தோட்டங்களிலும் இடம்பெற்றது. இங்கிலாந்தின் சர்ரே பகுதியிலுள்ள ஷெர்லி என்னும் ஊரின் பங்குத்தந்தை வில்லியம் வில்க்ஸ், 1880ஆம் ஆண்டையொட்டி இதழோரம் வெண்மையாக அமைந்த ஒரு வயற்பாப்பியைக் கண்டு, அதன் விதையைத் தேர்ந்தெடுத்துப் பயிரிட்டுப் பன்னிறப் பாப்பி வகைகளை உருவாக்கினார். ஷெர்லி பாப்பி என இன்று தோட்டங்களில் வளர்க்கப்படுவது இவ்வகையே. எனவே ஒரே செடி உழவனுக்குக் களையாகவும் தோட்டக்காரனுக்கு அழகாகவும் இறந்தோரின் உறவினர்க்கு நினைவாகவும் நிற்கிறது. இம்மூன்று நிலைகளும் தமிழ்ப் போர்ப்பூக்களுக்கும் பொருந்துவனவாகும்.

பூவில் தொடங்கிக் கல்லில் முடியும் நூற்பா

புறத்திணைகளுக்குப் பூக்களின் பெயரையே இட்டு வழங்குவது தமிழ் மரபு. வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை எனப் போரின் ஒவ்வொரு கட்டமும் ஒரு பூவால் அறியப்படுகிறது. போருக்குச் செல்வோன் அச்செயலுக்கு உரிய பூவைச் சூடிச் செல்கிறான். ஆகவே தமிழ்ப் போர்ப்பூ முதற்கண் உயிரோடு இருப்பவன் அணியும் பூவாகும். அவன் இறந்த பின்னர் அவனுடைய கல்லுக்கும் பூ சூட்டப்படுகிறது.

இவ்விரு நிலைகளுக்கும் உள்ள தொடர்பைத் தொல்காப்பியப் புறத்திணையியலில் வெட்சித்திணையைச் சார்ந்து வரும் நூற்பா ஒன்று தெளிவாகக் காட்டுகிறது. இருபத்தொரு துறைகளைத் தொகுத்துரைக்கும் அந்நூற்பா வேலன் வெறியாடும் காந்தளில் தொடங்குகிறது. அடுத்துப் போந்தை, வேம்பு, ஆர் என்னும் மூவேந்தர் பூக்களைக் கூறுகிறது. பெரும்படைகள் மோதும் இடத்தில் இவர் இன்ன வேந்தனின் படையினர் என வேறுபடுத்தி அறிவதற்காக அப்பூக்கள் சூடப்பெற்றன என்பது நூற்பா தரும் விளக்கம். பின்னர் ஆநிரை மீட்டலைச் சார்ந்த கரந்தை இடம்பெறுகிறது. முடிவில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் என நடுகல்லின் ஆறு நிலைகள் வைக்கப்படுகின்றன.

இவ்வைப்புமுறை கருதத்தக்கது. அடையாளப் பூ, செயலுக்குரிய பூ, கல் என்னும் மூன்றையும் ஒரே நூற்பா ஒரு வரிசையில் கோத்துள்ளது. மேலை மரபில் சட்டையில் அணியும் பாப்பி இறந்தோரின் பொருட்டு வாழ்வோர் அணிவது. தொல்காப்பியம் கூறும் போந்தையும் வேம்பும் ஆரும் போரிடுவோர் தம்மை அறிவிக்க அணிந்தவை. பாப்பி, வீரன் இறந்துபட்ட மண்ணிலிருந்து எழுந்து அவனுடைய நினைவாயிற்று. அது இடத்தைக் குறிக்கும் பூ. கரந்தையோ வீரன் எச்செயலுக்காக மாண்டான் என்பதை உணர்த்துவது. அது வினையைக் குறிக்கும் பூ. ஒருவனுடைய கல்லில் கரந்தை சூட்டப்பட்டிருப்பின், அவன் ஆநிரை மீட்கப் பொருதவன் என்பது எழுத்தறியாதவர்க்கும் புலனாகும். இவ்வகையில் பூ படிக்கத்தக்க ஒரு குறியாகச் செயற்பட்டுள்ளது.

கரந்தை: வயலோரத்துப் பூவும் வீரன் கண்ணியும்

நடுகல்லுக்குப் பூச்சூட்டும் காட்சியைச் சங்கப் பாடல்கள் பலவிடங்களில் விரித்துரைக்கின்றன. புறநானூறு 264ஆம் பாடலில், பரற்கற்கள் நிறைந்த இடத்தில் பதுக்கை அமைத்து, மரல் நாரால் தொடுத்த செந்நிறப் பூங்கண்ணியையும் மயிற்பீலியையும் சூட்டி, பெயர் பொறித்துக் கல் நடுகின்றனர். கன்றுகளோடு கறவைகளை மீட்டுப் பகைவரை விரட்டிய தலைவன் அவன். அவன் மறைந்ததை அறியாமல் பாணர் கூட்டம் இன்றும் அவனை நாடி வருமோ எனப் புலவர் உறையூர் இளம்பொன் வாணிகனார் வருந்துகிறார். புறநானூறு 265ஆம் பாடலில் வேங்கைப் பூங்கொத்துகளைப் பனந்தோட்டில் தொடுத்துக் கோவலர் கல்லுக்குச் சூட்டுகின்றனர். எந்த ஆநிரைக்காக வீரன் மாண்டானோ அந்த ஆநிரையை மேய்ப்போரே அவனுக்குக் கண்ணி தொடுக்கின்றனர் என்பது இப்பாடல் தரும் சமூகச் செய்தி.

அகநானூறு 269ஆம் பாடல் இன்னும் நுட்பமான சான்றாகும். ஆநிரை மீட்கும் போரில் மழவரைத் தடுத்து நின்று மாண்டோரின் கல்லை நீராட்டி, மஞ்சள் பூசி, அம்பால் அறுத்தெடுத்த ஆத்தி நாரில் செந்நிறக் கரந்தையைத் தொடுத்து இளையர் சூட்டுகின்றனர். புறநானூறு 264 பூவின் நிறத்தை மட்டும் கூற, இப்பாடல் பெயரையும் நிறத்தையும் சேர்த்துரைக்கிறது.

கரந்தையைத் தாவர நூலார் ஸ்பீராந்தஸ் இண்டிகஸ் என்னும் கொட்டைக் கரந்தையாகக் கொள்வர். செவ்வூதா நிறத்தில் உருண்டையாகப் பூக்கும் இச்செடி, நெல் அறுத்த வயல்களிலும் நீர் வற்றிய ஏரிப்படுகைகளிலும் தானே முளைத்துப் படர்வது. பெரும்போரின் பூவாகிய தும்பையும் தரிசு நிலத்திலும் வேலியோரத்திலும் முளைக்கும் சிறு செடியே. கோதுமை வயலின் களையாகிய பாப்பியோடு இவை கொள்ளும் ஒப்புமை தற்செயலானது எனத் தள்ளத்தக்கதன்று. விலை கொடுத்து வாங்க வேண்டாத, எவரும் குனிந்து பறிக்கக்கூடிய, உழைக்கும் நிலத்தில் தானே விளையும் பூவையே இரு மரபுகளும் மாண்டோர்க்கு உரியதாக ஆக்கின. போரில் முதற்கண் மாள்வோர் நிலத்தோடும் கால்நடையோடும் வாழ்வோராக இருந்தமை இதற்கு ஒரு காரணமாகலாம்.

இவற்றிலிருந்து வெட்சியின் வரலாறு வேறுபடுகிறது. ஆநிரை கவர்தலின் அடையாளமாக இருந்த வெட்சி, இன்று இட்லிப்பூ என்னும் பெயரால் கோயில் நந்தவனங்களிலும் பள்ளி, அலுவலக வளாகங்களின் வேலியோரங்களிலும் அழகுச்செடியாக வளர்க்கப்படுகிறது. ஷெர்லி பாப்பியைப் போலவே அதுவும் தோட்டப் பூவாயிற்று. ஆயினும் பாப்பி தோட்டத்துள் புகுந்த பின்னரே போர்ப்பொருளைப் பெற்றது. வெட்சி தன் போர்ப்பொருளை இழந்த பின்னர் தோட்டத்தில் எஞ்சி நிற்கிறது.

கண்ணி வாடுதலும் எழுத்து மாய்தலும்

நினைவு நிலைக்காது என்னும் அச்சத்தையும் சங்கப் புலவர்கள் பாடியுள்ளனர். அகநானூறு 343ஆம் பாடலில் ஒரு நடுகல் பாழ்பட்டுக் கிடக்கிறது. உமணர் வண்டியின் சக்கரம் மோதி அதன் தலைப்பகுதி சிதைந்துள்ளது. கண்ணி வாடிவிட்டது. நீராட்டுவோர் இலர். கூரிய உளியால் வெட்டிய எழுத்துகள் கோடுகள் மறைந்து, அவ்வழியே செல்லும் புதியவர்க்கு வேறு பொருள் தருவனவாக மாறிவிட்டன.

இப்பாடல் நடுகல் சிதைவின் இரு கூறுகளைப் பிரித்துக் காட்டுகிறது. கண்ணி வாடுதல் சமூகம் விலகிச் சென்றதன் அறிகுறி. பூச்சூட்ட எவரும் வராத கல் அது. எழுத்து மாய்தல் செய்தி சிதைந்ததன் அறிகுறி. பூ ஒவ்வொரு முறையும் புதிதாகச் சூட்டப்பட வேண்டியது. எழுத்து ஒருமுறை வெட்டப்பட்டால் நெடுங்காலம் நிற்பது. பூ உறவை உயிர்ப்பிக்கிறது. எழுத்து பெயரைக் காக்கிறது. இரண்டும் ஒருங்கே அழியும்போதே நடுகல் வெறுங்கல்லாகிறது.

பூவை மறுப்பதும் நினைவின் ஒரு வடிவமாக அமைவதைப் புறநானூறு 242ஆம் பாடலில் காணலாம். ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் மாய்ந்த பின், குடவாயிற் கீரத்தனார் முல்லையை நோக்கி வினவுகிறார். இளைஞர் சூடவில்லை; வளையணிந்த மகளிர் பறிக்கவில்லை; பாணனும் பாடினியும் அணியவில்லை. இந்நிலையில் முல்லை பூப்பது பொருந்துமோ என்பது அவருடைய கேள்வி. பிளாண்டர்ஸ் மண்ணில் பூ மலர்ந்தமை மாண்டோரை நினைவூட்டுவதாகக் கொள்ளப்பட்டது. ஒல்லையூரில் பூ மலர்ந்தமை துயரை மதியாத செயலாகக் கொள்ளப்படுகிறது. இருவிடத்தும் இயற்கை தன் போக்கில் பூக்கிறது. துயருற்ற மாந்தரே அப்பூவுக்குப் பொருள் தருகின்றனர்.

திருப்பத்தூர் வட்டாரச் சான்றுகள்

இலக்கியம் கூறும் செய்திகளுக்கு இவ்வட்டாரக் கற்கள் வரலாற்று உருவம் தருகின்றன. பல்லவன் நிருபதுங்கவர்மனின் 26ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஆம்பூர் நடுகற்கள் இரண்டும் எபிகிராபியா இண்டிகா நான்காம் தொகுதியில் ஹூல்ஷால் பதிப்பிக்கப்பட்டன. ஒன்பதாம் நூற்றாண்டில் நுளம்பரோடு தொடர்புடைய தொறுப்பூசலில் வீழ்ந்தோரை அவை நினைவுகூர்கின்றன. தொறு என்பது ஆநிரை. சங்கப் பாடல்களின் கரந்தை வீரனுக்கும் ஆம்பூர்க் கல்லின் வீரனுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் கடந்திருப்பினும், இருவரும் மாண்டதற்கான காரணம் ஒன்றே.

திருப்பத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் வழியில் அமைந்த செங்கம் பகுதியின் கற்கள், தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறையால் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்னும் தொகுப்பாக வெளியிடப்பட்டன. அவற்றுள் எடுத்தனூர்க் கல் பலராலும் அறியப்பட்டது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்ததான அக்கல், எருமைகளைக் காக்கும் போரில் பட்ட கருந்தேவகத்தி என்னும் வீரனைக் குறிக்கிறது. அவனோடு நின்று கள்ளர் இருவரைக் கடித்துக் காத்த நாயையும் சிற்பமாக வடித்து, கோவிவன் என்னும் அதன் பெயரையும் பொறித்துள்ளது. மாண்டது எவராயினும் பெயரோடு நினைவுகூரப்பட வேண்டும் என்னும் நெறியை அக்காலச் சிற்றூர்ச் சமூகம் எவ்வளவு உறுதியாகப் பற்றியிருந்தது என்பதற்கு இக்கல் சான்று.

இன்று இக்கற்களின் நிலை வேறாக உள்ளது. திருப்பத்தூர், திருவண்ணாமலை, கிருட்டிணகிரி, தருமபுரி மாவட்டங்களில் நடுகற்கள் பலவும் வேடியப்பன் என்னும் பெயரில் தெய்வமாக வணங்கப்படுகின்றன. கல்லை நீராட்டி, மஞ்சள் பூசி, குங்குமமிட்டு, பூச்சாற்றி, பொங்கலிடுகின்றனர். ஆடும் கோழியும் பலியிடுகின்றனர். அகநானூறு 269 கூறும் நீராட்டும் மஞ்சளும் பூவும் இவ்வழிபாட்டில் அப்படியே தொடர்கின்றன. கரந்தையின் இடத்தில் மட்டும் சாமந்தியும் பிற சந்தைப் பூக்களும் வந்துள்ளன. மாறியது பூவின் இனம். சூட்டும் செயல் மாறவில்லை.

ஆயின் வழிபடுவோர்க்கு வீரனின் தனிப்பெயர் தெரிவதில்லை. ஊருக்கு ஊர் வெவ்வேறு வீரர்களுக்கு எடுக்கப்பட்ட கற்கள் யாவும் வேடியப்பன் என்னும் ஒரே பெயருள் அடங்கிவிட்டன. வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட பெயரும், அரசனின் ஆட்சியாண்டும், பூசல் நிகழ்ந்த சூழலும் படிக்கப்படாமல் மஞ்சளுக்கு அடியில் கிடந்தன. கல்வெட்டறிஞர்கள் வந்து படி எடுத்த பின்னரே அவை மீண்டும் வெளிப்பட்டன. கண்ணி வாடாது எழுத்து மறைந்த நிலை இது. அருங்காட்சியகத்திற்குக் கொண்டு செல்லப்பட்ட கற்களின் நிலை இதற்கு நேர்மாறானது. வேலூர்க் கோட்டையிலுள்ள அரசு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளவை போன்ற கற்களுக்குக் காப்பும் விளக்கமும் கிடைக்கின்றன. பூச்சூட்டும் ஊர் அவற்றோடு இடம்பெயர்வதில்லை.

எண்ணிக்கையாகக் குறுகிய பெயர்கள்

பாப்பி மரபு தோன்றிய அதே போரில் இந்தியப் படையினரும் பெருந்தொகையில் மாண்டனர். லாகூர்ப் படைப்பிரிவு 1914இன் இலையுதிர் காலத்திலும் 1915 ஏப்ரலிலும் ஈப்பரில் போரிட்டது. 1915 மார்ச்சில் நியூ சப்பேல் போரில் இந்தியர் பலர் வீழ்ந்தனர். அவ்வூரில் 1927இல் திறக்கப்பட்ட இந்திய நினைவகத்தில், கல்லறை அறியப்படாத 4,700க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால் போரின் எல்லாக் களங்களிலும் இந்நெறி பேணப்படவில்லை. ஈராக்கின் பாஸ்ரா நினைவகத்தில் வெள்ளையர் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டன. இந்தியச் சாதாரணப் படைவீரர்களுள் பெரும்பாலோர் படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர். பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணையம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை இச்சமமின்மையை ஒப்புக்கொண்டது. ஆப்பிரிக்கரும் மேற்காசியரும் உள்ளிட்ட குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை என்றும் அது குறிப்பிட்டது.

இந்திய ஊர்களிலும் இதே நிலையைக் காணலாம். இவ்வூரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குச் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என ஆங்கிலத்தில் பொறித்த பலகைகள் போருக்குப் பின்னர் பல ஊர்களில் நிறுவப்பட்டன. வேலூர் லாங் பஜார்ப் பகுதி மணிக்கூண்டில் உள்ள பலகையும் இவ்வகையைச் சேர்ந்தது. அதில் எண்கள் உள்ளன, பெயர்கள் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் காவல் நாயின் பெயரையும் கல்லில் பொறித்த வட்டாரத்தை ஒட்டியே, இருபதாம் நூற்றாண்டில் மனிதர் எண்ணிக்கையாக மட்டும் குறிக்கப்பட்டனர். அப்பலகைகளுக்கு மஞ்சள் பூசுவோரும் கண்ணி சூட்டுவோரும் தோன்றாமைக்குப் பெயரின்மையும் ஒரு காரணமாகலாம். எவனுக்குச் சூட்டுகிறோம் என்பது தெரியாத இடத்தில் உறவு முளைப்பதில்லை.

பெரும்போரின் நூற்றாண்டையொட்டி இக்குறையை நீக்கும் முயற்சிகள் நிகழ்ந்தன. இந்திய ஐக்கிய சேவை நிறுவனம் துலுக்கச் சாமந்தியை இந்திய வீரர்களின் நினைவுப் பூவாக முன்வைத்தது. 2018இல் பிரித்தானியப் படைவீரர் சங்கம் இந்திய வீரர்களைப் போற்றும் வகையில் கதர்த்துணியாலான பாப்பியை அறிமுகப்படுத்தியது. முதல் முயற்சி இந்தியரின் வழிபாட்டுப் பூவை நினைவுக்கு உரியதாக்கியது. இரண்டாவது, மேலைப் பூவை இந்தியத் துணியால் செய்தது. துலுக்கச் சாமந்தியும் மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்டு ஐரோப்பியர் வழியே இந்தியாவுக்கு வந்த பூவே. அது அயற்பூ என்பதை இன்று எவரும் உணர்வதில்லை. சூட்டும் வழக்கம் உறுதியாக உள்ள சமூகத்தில் எப்பூவும் வேரூன்றும் என்பதை வேடியப்பன் கல்லின் சாமந்தியும் மெய்ப்பிக்கிறது.

காந்தளின் மறுவருகை

தமிழரிடையே அண்மைக் காலத்தில் போர்நினைவோடு மிக நெருங்கிப் பிணைந்த பூ காந்தளாகும். ஈழத்தில் விடுதலைப் புலிகள் இயக்கம் 1989 முதல் நவம்பர் 27ஆம் நாளை மாவீரர் நாளாகக் கடைப்பிடித்தது. கார்த்திகை மழைக்காலத்தில் பூக்கும் காந்தள் கார்த்திகைப்பூ என்னும் பெயரில் அந்நாளின் அடையாளமாயிற்று. தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளும் இதுவே. அரசியல் நிலைப்பாடுகளுக்கு அப்பால், நினைவு மரபின் ஆய்வுக்கு இங்கு ஒரு செய்தி உண்டு. இறந்த போராளிகளின் பெயர் பொறித்த துயிலும் இல்லங்கள் 2009இல் போர் முடிந்ததையொட்டி இடித்து அகற்றப்பட்டன. எழுத்து அழிக்கப்பட்ட பின்னரும் உறவினர் அவ்விடங்களில் விளக்கேற்றிப் பூவிட்டு வருகின்றனர். புலம்பெயர்ந்த நாடுகளில், பாப்பி அணியப்படும் அதே நவம்பர் மாதத்தில், கார்த்திகைப்பூ அணியப்படுகிறது. கல் அகற்றப்பட்ட இடத்தில் நினைவின் முழுச் சுமையையும் பூவே தாங்க வேண்டியுள்ளது. தொல்காப்பியர் காந்தளில் தொடங்கிக் கல்லில் முடித்த வரிசை, இங்குக் கல்லிலிருந்து மீண்டும் காந்தளுக்குத் திரும்பியுள்ளது.

முடிவுரை

மேற்கூறிய சான்றுகளிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, பாப்பி வீரன் மாண்ட இடத்தையும், கரந்தை அவன் மாண்டதற்கான செயலையும் குறிக்கின்றன. எனவே பாப்பிக்கு ஈடாகக் காந்தள், தும்பை எனத் தமிழ்ப் பூவொன்றின் பெயரைப் பெயர்த்து வைப்பது இரு மரபுகளின் பொருளையும் மயக்கும். இரண்டாவது, போர்நினைவில் பூவும் எழுத்தும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றன. எழுத்திழந்த வேடியப்பன் கல்லைப் பூ காத்தது. பெயரற்ற பலகையை எண்ணால் காக்க இயலவில்லை. மூன்றாவது, பூவின் இனம் காலந்தோறும் மாறலாம். சூட்டுவோர் இருக்கும் வரை மரபு மாறுவதில்லை.

இம்முடிவுகள் நடுகல் பாதுகாப்புக்கும் பொருந்துவன. ஏரிக்கரைகளிலும் சாலையோரங்களிலும் மலையடிவாரங்களிலும் எஞ்சியுள்ள கற்களை ஆவணப்படுத்துவோர், எழுத்தையும் சிற்பத்தையும் படி எடுப்பதோடு, அக்கல்லை எவர் வழிபடுகின்றனர், எந்நாளில், என்ன பூச்சூட்டி, என்ன பெயரிட்டு அழைக்கின்றனர் என்பவற்றையும் பதிவு செய்தல் வேண்டும். கல்லில் படித்தறிந்த பெயரை அவ்வூராரிடம் சொல்லுதலும் ஆய்வாளரின் கடமையே. தாம் தலைமுறை தலைமுறையாகப் பூச்சூட்டி வரும் வேடியப்பன், ஆநிரை காத்து மாண்ட இன்ன பெயருடைய வீரன் என ஊரார் அறியும்போது, அகநானூற்றுப் புலவர் அஞ்சிய இரு இழப்புகளும் அக்கல்லைப் பொறுத்தவரை நீங்கும். கல்லை இடம்பெயர்க்காமல் நின்ற இடத்திலேயே காப்பதற்கு வலுவான காரணமும் இதுவே: அங்கேதான் அதற்குப் பூச்சூட்டும் கைகள் உள்ளன.